எலும்பு மேட்டிலிருந்து சில குறிப்புகள்

1

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு செஞ்சிப் பக்கத்துக் காட்டோரம் நடந்துகொண்டிருந்தேன். திண்டிவனத்திலிருந்து மேற்கே போகிற சாலையில் பாறைக் குன்றுகள் தொடங்கியதும் இரண்டு பக்கமும் முட்காடு வந்துவிடும். காரை, சூரை, கள்ளி. மாதம் ஒருமுறை பிள்ளைகளை இப்படி அழைத்துப் போவது என் வழக்கம். பறவை பார்ப்போம், செடிக்குப் பேர் எழுதுவோம், கட்டுச்சோறு தின்போம், திரும்பிவிடுவோம்.

அன்றைக்கு ஒரு பையன் புதருக்குள் கிடந்த மண்டை ஓட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். வெயிலில் வெளுத்து, தாடை தனியாகக் கழன்று கிடந்தது. சுற்றி நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தன் நாய் என்றான். ஒருத்தி கழுதைக்குட்டி என்றாள். ஆடுதான் என்று ஒருத்தன் அடித்துச் சொன்னான்.

நான் குந்தி உட்கார்ந்து குச்சியால் திருப்பிப் பார்த்தேன். மேல்தாடையின் முன்பக்கத்தில் பல் இல்லை. பல் விழுந்த குழியும் இல்லை. அப்படியென்றால் அசைபோடுகிற பிராணி. நாய், கழுதை இரண்டும் போயிற்று. தலையில் கொம்பு முளைத்த தடம் கிடையாது. கண்குழிக்கு முன்னால் விரல்நுனி உட்காருகிற அளவுக்கு ஒரு பள்ளம். அதை ஒட்டி, மூக்கெலும்புப் பக்கத்தில் எலும்பே இல்லாத ஒரு திறப்பு. ஆட்டுக்கு அந்தத் திறப்பு இருக்காது.

"பொட்ட மான்டா. புள்ளிமான். கடவாப்பல்லு தேஞ்சிருக்கு பாரு, வயசான மான்" என்றேன்.

பிள்ளைகளுக்கு ஆச்சரியம். "எப்படி சார் பாத்தவுடனே சொல்றீங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"புத்தகத்துல படிச்சேன்மா."

"எந்தப் புத்தகம் சார்? நானும் படிக்கிறேன்."

அவள் விடுவதாக இல்லை. நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு முன்னால் நடந்தேன். நான் எந்தப் புத்தகத்திலும் அதைப் படிக்கவில்லை. மானுக்குக் 'கண்ணாண்ட ஜன்னல் இருக்கும்' என்று எனக்குச் சொன்னது எங்க ஆயா. சொன்ன இடம் செத்த மாடுகளை உரித்துப் போடுகிற மேடு. முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன், சாதியைப் பற்றி மேடையில் பேசுகிறவன், பதினாறு வயசுப் பெண் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லிவிட்டேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

2

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எங்க ஊர். 1993இல் மாவட்டம் பிரிவதற்கு முன் தென்னாற்காடு. ஊரில் மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும். "மாடு வுயுந்துட்ச்சி, வந்து இழுத்துக்கினு போங்க" என்று தெருமுனையில் நின்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். உள்ளே வரமாட்டான். தாத்தாவும் இன்னும் நாலு பேரும் கம்பும் கயிறும் எடுத்துக்கொண்டு போவார்கள். உயிரோடு இருந்தவரை அந்தக் கொட்டகைக்குள் எங்களை விடாதவர்கள், செத்த பிறகு விடுவார்கள். மாட்டை இழுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி, ஏரிக் கடைசியில் சுடுகாட்டைத் தாண்டி இருக்கிற மேட்டுக்கு வரவேண்டும். அதுதான் எலும்பு மேடு.

தோல் திண்டிவனத்திலிருந்து வருகிற வியாபாரிக்குப் போகும். கறியைப் பங்கு போடுவார்கள். மிச்சத்தைப் பருந்தும் பாறும் நாயும் பார்த்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் எலும்பு காய்ந்து வெள்ளையாகிவிடும். எலும்பு வாங்குகிறவர் மாட்டு வண்டியில் வருவார். எலும்பு மில்லில் அரைத்து உரமாக விற்பார்களாம். பொறுக்கிக் குவிப்பது பொம்பளைகள், பிள்ளைகள் வேலை. எருமைக் கொம்புக்குத் தனி விலை என்பதால் பிரித்து வைக்க வேண்டும். அந்தப் பிரிக்கிற வேலையில்தான் எனக்குப் பாடம் நடந்தது. எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயசு.

ஆயா கையெழுத்துப் போடத் தெரியாதவள். ஆனால் ஒரு மண்டை ஓட்டைக் கையில் எடுத்தால் வரிசையாகச் சொல்லும். "மொதல்ல மேல் முன்பல்லப் பாரு. இல்லன்னா அசபோடுறது. மாடு, எரும, ஆடு, மானு எல்லாம் ஒரே சாதி. இருந்தா குதிர, கயுத, பன்னி, நாயி." அடுத்து கொம்பு. மாட்டுக் கொம்பு உறை மாதிரி. உள்ளே எலும்பு இருக்கும். உறை கழன்று விழுந்தாலும் உள்ளெலும்பு மண்டையோடு நிற்கும். ஆண் மானுக்குக் கொம்பே எலும்பு. வருஷா வருஷம் விழுந்து முளைக்கும். பசுவின் கொம்படி உருண்டை. எருமையினுடையது பட்டையாக, முக்கோணமாக, பின்பக்கம் சாய்ந்து போகும். எருமைக்கு நெற்றி புடைத்திருக்கும்.

வெள்ளாட்டையும் செம்மறியையும் பிரிப்பதுதான் கஷ்டம். "செம்மறிக்குக் கண்ணுக்குக் கீழ கண்ணீர்க் குழி இருக்கும், வெள்ளாட்டுக்கு இருக்காது" என்று ஆயா என் விரலைப் பிடித்து அந்தக் குழியில் வைத்துக் காட்டும். நாய்க்கும் நரிக்கும் பல் கணக்கு ஒன்றுதான், நாற்பத்திரண்டு. நாய்க்குக் கண்ணுக்கு நேராக நெற்றியில் ஒரு படி இறங்கும். நரிக்கு நெற்றியிலிருந்து மூக்குவரை வழவழவென்று சரிவாக ஓடும். பூனைச் சாதிக்கு முகம் குட்டை, பல் முப்பதுதான். பன்றிக்கு நாற்பத்து நாலு. முயலுக்கு மேல் முன்பல்லுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி குட்டிப் பல் ஒளிந்திருக்கும். எலி, பெருச்சாளி, முள்ளம்பன்றிக்கு அது கிடையாது. கண்குழி இரண்டும் முன்பக்கம் பார்த்தால் வேட்டையாடுகிறது. பக்கவாட்டில் இருந்தால் வேட்டையாடப்படுகிறது. பின்னாளில் விலங்கியல் புத்தகங்களைப் புரட்டிச் சரிபார்த்தேன். ஆயா சொன்னதில் ஒன்றும் தப்பில்லை.

வயசும் சொல்லும். கீழ்த்தாடையில் எட்டு முன்பல். பால்பல் விழுந்து ஜோடி ஜோடியாக முளைக்கும். ரெண்டு பல் என்றால் இரண்டு, இரண்டரை வயசு. நாலு பல், ஆறு பல் என்று ஏறி, எட்டும் வந்துவிட்டால் கடை சேர்ந்த மாடு, நாலரை ஐந்து வயசு. அதற்குமேல் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். செஞ்சியில் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உயிரோடிருக்கிற ஆட்டின் வாயைப் பிளந்து பல் பிடித்துப் பார்க்கிறவர்களை எல்லாரும் விவரம் தெரிந்தவர்கள் என்கிறார்கள். அதையே செத்த மாட்டின் தாடையில் பார்க்கிறவளுக்கு ஊர் வைத்த பேர் வேறு.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. ஆயா குவியலைப் பார்த்துவிட்டு, "இந்த வருசம் எல்லாம் ரெண்டு பல்லு, நாலு பல்லாக் கெடக்குது. இது வயசுச் சாவு இல்ல, நோவு" என்று சொல்லும். தேய்ந்த பல் நிறைய இருந்தால் மாடுகள் வாழ்ந்து செத்திருக்கின்றன. தேயாத பல் நிறைய இருந்தால் கொள்ளைநோய் அல்லது பஞ்சம். அகழாய்வில் கிடைக்கிற எலும்புகளை ஆராய்கிற அறிஞர்கள் இன்றைக்கு இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். எந்த வயதில் எத்தனை விலங்குகள் செத்தன என்று பட்டியல் எடுத்து, அந்தக் காலத்து மக்கள் மாட்டைப் பாலுக்கு வளர்த்தார்களா, உழவுக்கா, கறிக்கா என்று சொல்கிறார்கள். அதற்குப் பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறது. ஆயாவுக்கு இருந்தது மேடு.

3

இந்த மேடு இயற்கையாக வந்ததல்ல. அதற்கு ஒரு பொருளாதாரம் உண்டு.

கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் தண்ணீர் மொள்ளும் சாலுக்குத் தோல் பை வேண்டும். மாடு பூட்ட வார் வேண்டும். காலுக்குச் செருப்பு வேண்டும். சாவுக்குப் பறை வேண்டும். செத்த மாட்டின் தோல் அந்த வேலையைச் செய்கிறவனுக்கு என்பது ஊர் வழக்கமாக இருந்தது. கொடுத்தது உரிமை மாதிரித் தெரியும். மாட்டை இழுக்க மாட்டேன் என்று சொல்கிற உரிமை மட்டும் அதில் கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோல் கப்பலேறத் தொடங்கியது. சென்னை பெரியமேடு, வாணியம்பாடி, ஆம்பூர் என்று தோல் மண்டிகளும் பதனிடும் இடங்களும் பெருகின. நம்ம காட்டில் தானாக மண்டிக் கிடக்கிற ஆவாரம் பட்டைதான் பதனிடும் சரக்கு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மனிதர்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். மாடுகளும் செத்தன. அந்த வருஷங்களில் சென்னை மாகாணத்திலிருந்து தோல் ஏற்றுமதி எகிறியது. பஞ்சத்திலும் ஒரு சரக்கு மலிவாகக் கிடைத்தது, அது செத்த மாட்டின் தோல். உரித்தவன் கையில் எவ்வளவு நின்றிருக்கும் என்பதை வாசகர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எலும்பும் அப்படியே உரத்துக்காக ஐரோப்பாவுக்குப் போயிற்று.

தோலுக்கு விலை ஏறியதும் பழியும் ஏறியது. 1850களுக்குப் பிறகு வட இந்தியாவில் சமார் மக்கள்மேல் ஒரு குற்றச்சாட்டு பரவியது. தோலுக்காக மாடுகளுக்குப் பாஷாணம் வைத்துக் கொல்கிறார்கள் என்று. பிரிட்டிஷ் அதிகாரிகள் அதை நம்பினார்கள். அந்த மக்களையே பரம்பரை விஷக்காரர்கள் மாதிரி எழுதினார்கள். அதே காலத்தில் மாடுகளைக் கூட்டங்கூட்டமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது வெக்கை நோய். அதை விசாரிக்க அரசு அமைத்த கால்நடைக் கொள்ளைநோய் ஆணைக்குழு 1871இல் அறிக்கை கொடுத்தது. உலகத்தை விட்டே அந்த நோய் ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்தார்கள். ஒரு நோயை ஒழிக்க நூற்று நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. செத்த மாட்டின் பக்கத்தில் நிற்கிறவன்தான் கொன்றவன் என்கிற நோயை ஒழிக்க இன்னும் எத்தனை வருஷமோ.

2002 அக்டோபர் 15ஆம் தேதி, ஹரியானா ஜஜ்ஜார் மாவட்டம் துலீனாவில், பசுவைக் கொன்றார்கள் என்று சொல்லி ஐந்து தலித்துகளைப் போலீஸ் சாவடியிலேயே ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. 2016 ஜூலை 11ஆம் தேதி, குஜராத்தில் ஊனா பக்கம், செத்த பசுவை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்து ஊர்வலமாக இழுத்துப் போனார்கள். செத்துக் கிடந்த மாடா, கொன்ற மாடா என்று அந்த உடம்பைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் அடிவாங்கிக்கொண்டிருந்தவர்கள்தான்.

4

மண்டை ஓடு பார்க்கிற வேலை இன்னொரு திசையிலும் நடந்தது. அங்கே பார்க்கப்பட்டது நாம்.

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்தியா முழுக்கக் கவைக்கோலும் அளவுகோலும் எடுத்துப் போய், சாதி சாதியாக மனிதர்களின் தலை நீளம், தலை அகலம், மூக்கு அகலம் என்று அளந்தார். அளவுகளும் குறிப்புகளும் சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாக வந்தன. வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களில் நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்துப் பஞ்சு அடைத்து மியூசியத்தில் வைக்கப்போகிறான் வெள்ளைக்காரன் என்று பயந்தார்களாம். நீலகிரியில் ஒரு இருளர், உயரம் அளக்கிற கோலைத் தூக்குமரம் என்று நினைத்தாராம். தர்ஸ்டன் இதையெல்லாம் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள். விலங்குகளைப் பாடம் செய்து வைக்கிற கட்டடத்திலிருந்து ஒருத்தன் வந்து மண்டையை அளந்தால் வேறென்ன நினைப்பது?

ரிஸ்லி போன்றவர்கள் மூக்கு அகலத்துக்கும் சாதித் தாழ்வுக்கும் முடிச்சுப் போட்டார்கள். ஆயா அசைபோடுகிறது, போடாதது என்று பிரித்த மாதிரி, மனிதனில் மேல், கீழ் என்று எலும்பில் எழுதியிருப்பதாக நிறுவப் பார்த்தார்கள். இதற்குப் பதில் சொன்னவர் அம்பேத்கர். தீண்டப்படாதோர் யார் என்று விசாரித்து 1948இல் எழுதிய நூலில் அவர் அந்த அளவுகளையே கையில் எடுத்தார். குர்யே தொகுத்த மூக்களவுப் பட்டியலை வைத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தவர் என்றுதான் இந்தக் கணக்கிலிருந்து வருகிறது, தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமே இல்லை என்று முடித்தார். அதே நூலில்தான் தீண்டாமையின் வேரை மாட்டுக்கறியில் கொண்டுபோய் வைக்கிறார். பசு புனிதமாக்கப்பட்ட பிறகும் செத்த மாட்டைத் தின்ன வேண்டியிருந்த சிதறிய மக்கள்மேல் அது ஒட்டியது என்கிறார். அவர் முடிவுகளோடு ஒருவர் மாறுபடலாம். ஆனால் எலும்பு மேட்டை வரலாற்றுக் கேள்வியாக ஆக்கிய முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

ஒரு மண்டை ஓட்டைப் பார்த்து அது நரியா நாயா என்று சொல்லலாம். மனித மண்டையில் சாதியைச் சொல்ல முடியாது. எவ்வளவு அளந்தாலும் அது அங்கே கிடையாது. இதை என் வகுப்பில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். நரியையும் நாயையும் பிரிக்க யாரிடம் படித்தேன் என்பதை மட்டும் சொன்னதில்லை.

5

எங்க சேரி அந்த வேலையை விட்ட கதையைச் சொல்ல வேண்டும்.

1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டை இழுக்காதே, தின்னாதே என்று சொன்னார். இதனால் தோல், கொம்பு, எலும்பில் வருகிற வருமானம் போகிறதே என்று எதிராளிகள் பத்திரிகையில் அக்கறைப்பட்டார்கள். அந்த லாபத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் மாட்டை இழுத்தால் மேற்கொண்டு பணமும் நான் தருகிறேன் என்று தான் பதில் சொன்னதை, 1956 அக்டோபர் 15 நாக்பூர் உரையில் அவரே நினைவுகூர்கிறார். மகாராஷ்டிரத்தில் பேசிய அந்தப் பேச்சு எங்க மேட்டுக்கு வந்து சேர ஐம்பது வருஷம் ஆனது.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் பெரிய பறைச்சேரி மக்கள்மீது தாக்குதல் நடந்தது. பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டார்கள். சுற்று வட்டாரத்தில் எல்லாச் சேரிகளும் அப்போது விழித்தபடிதான் படுத்தன. அந்தச் சூட்டில் எங்க சேரி இளவட்டங்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். சாவுக்குப் பறை அடிப்பதில்லை, செத்த மாட்டை இழுப்பதில்லை. எங்கப்பா அதில் முன்னால் நின்றவர். தாத்தாவுக்கும் அவருக்கும் பெரிய சண்டை. "தோலக் குடுத்துட்டு அரிசிக்கு இன்னாடா பண்ணுவ?" என்று தாத்தா கத்தினார். அப்பா பதில் பேசாமல் கத்தியை எடுத்துக்கொண்டு போய் ஏரியில் வீசிவிட்டு வந்தார்.

அந்த மாதமே ஊரில் ஒரு எருமை செத்தது. ஆள் வந்து தெருமுனையில் நின்று சொன்னான். யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் கிடந்து நாறியது. நாலாம் நாள் அவர்களே டிராக்டரில் கட்டி இழுத்துப் போய்க் குழி வெட்டிப் புதைத்தார்கள். அடுத்த நடவுக்கு எங்க பொம்பளைகளைக் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் அரைவயிறு. அதற்குப் பிறகு அவர்களும் கூப்பிட்டார்கள், நாங்களும் போனோம். ஆனால் மாட்டுக்கு யாரும் வந்து கூப்பிடவில்லை. ஊனாவுக்குப் பிறகு குஜராத் தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தில் போட்டுவிட்டு, இனி நீங்களே பாருங்கள் என்றார்கள். அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்தபோது எனக்கு எங்க ஊர் எருமைதான் ஞாபகத்துக்கு வந்தது.

மேட்டைப் பற்றி அப்பா அதற்குப் பிறகு வீட்டில் பேசவே மாட்டார். ஆயா எலும்பைப் பற்றி எனக்கு ஏதாவது சொன்னால், "அத்த எதுக்குப் புள்ளைக்குச் சொல்ற? அவன் படிக்கட்டும்" என்று வெட்டிவிடுவார். எலும்பு அறிவு படிப்பில் சேராது என்று அன்றைக்கு என் மண்டையில் ஏறியது. காட்டில் அந்தப் பெண்ணிடம் வாயில் வந்த பொய் அப்பாவின் அந்த ஒரு வரியிலிருந்து வந்ததுதான். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அப்படி வெட்டியதால்தான் நான் வாத்தியாரானேன்.

6

தோழர்கள் சிலர் கேட்கலாம். இழிவென்று தூக்கி எறிந்ததை இப்போது பெருமை என்று கொண்டுவருகிறாயா? துப்புரவு வேலையைப் புண்ணியமாக்கிப் பேசிய காந்தியை அம்பேத்கர் கிழித்துத் தொங்கவிட்டாரே, அந்த வலையிலேயே போய் விழுகிறாயா?

இந்தக் கேள்வி நியாயமானது. அந்த வேலையில் பெருமை கிடையாது. நாற்றமும் புழுவும் காய்ச்சலும் அவமானமும்தான் இருந்தன. யாரும் அதற்குத் திரும்பக் கூடாது. இன்றைக்கும் செத்த மாட்டை இழுக்கச் சொல்லி எந்த ஊராவது கூப்பிட்டால் மறுக்க வேண்டும், வழக்குப் போட வேண்டும். ஆனால் வேலையும் அதிலிருந்து நம்ம பாட்டிகள் கண்டுபிடித்த அறிவும் ஒன்றல்ல. வேலையை அவர்கள் தலையில் கட்டினார்கள். அறிவை அவர்கள் யாரும் கட்டவில்லை. அது நம்ம கண்ணும் விரலும் சேர்த்தது. வேலையோடு சேர்த்து அதையும் ஏரியில் வீசிவிட்டால் யாருக்கு லாபம்?

கீழடி அகழாய்வு அறிக்கையைத் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. எழுபது எலும்பு மாதிரிகளைப் புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பி அடையாளம் கண்டிருந்தார்கள். மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி சேர்ந்தே பாதிக்கு மேல், 53 விழுக்காடு. காட்டுப்பன்றி, மயிலும் இருந்தன. சில எலும்புகளில் வெட்டுக் காயங்கள் இருந்ததால் கறிக்குப் பயன்பட்டிருக்கும் என்றார்கள். தமிழர் பெருமை என்று மேடை மேடையாகப் பேசினோம். நானும் பேசினேன். அந்த எழுபது எலும்பையும் ஆயா முன்னால் கொட்டியிருந்தால் மாட்டையும் ஆட்டையும் ஒரு மத்தியானத்தில் பிரித்து வைத்திருக்கும் என்று மனசில் ஓடியது. அதை மேடையில் சொல்லவில்லை. இரண்டாயிரம் வருஷத்து எலும்பைத் தொடுகிறவர் அறிஞர். இருபது வருஷத்து எலும்பைத் தொட்டவள் பறச்சி. எலும்பில் வித்தியாசம் இல்லை.

இருளர் மக்களைப் பாருங்கள். திருட்டுக் கேஸ் என்றால் எங்கள் வட்டாரத்தில் போலீஸ் முதலில் தேடிப் போவது அவர்கள் குடிசையைத்தான். பாம்பின் தடம், எலி வளை, நரிப் புழுக்கை எல்லாம் அவர்களுக்கு எழுத்து மாதிரி. 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வைத்து, அந்த அறிவை விஷமுறிவு மருந்துக்கான விஷம் எடுக்கிற தொழிலாக அவர்கள் பெயரிலேயே மாற்றிக்கொண்டார்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருதால் எல்லாம் மாறிவிடாது. ஆனால் அந்த அறிவு யாருடையது என்று ஆளைக் காட்டிப் பேர் எழுதப்பட்டது. எங்க ஆயாக்களின் பேர் எங்கேயும் எழுதப்படவில்லை.

7

இந்த வருஷம் தை மாதம் அதே பிள்ளைகளை எங்க ஊருக்குக் கூட்டி வந்தேன். எலும்பு மேடு இப்போது மேடாக இல்லை. ரோட்டுக்கு மண் அள்ளி அள்ளிப் பள்ளமாகிவிட்டது. பள்ளத்தின் சுவரில் மண்ணுக்குள்ளிருந்து எலும்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். காட்டில் சொல்லிக் கொடுத்த ஒழுங்கையே இங்கேயும் சொன்னேன்: பார், வரை, அளவெடு, அங்கேயே விடு. காட்டு விலங்கின் கொம்போ மண்டை ஓடோ அனுமதியில்லாமல் கையில் வைத்திருந்தால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நம்ம பிள்ளைகள் பையில் அது கிடைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த மாணவிதான் கண்டுபிடித்தாள். ஒரு மாட்டின் மண்டை. கொம்பு உறை மக்கிப் போய் உள்ளெலும்பு மட்டும் நின்றது. அதன் அடியைச் சுற்றி நாலைந்து மெல்லிய கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக. "இது என்னா சார்? வேர் ஓடுன தடமா?"

வேர்த் தடம் நெளிநெளியாக ஓடும். நாய் கடித்தால் அகலமாகக் குழி விழும். இது நேராக, ஆழமாக, ஊசி மாதிரி முனையோடு இருந்தது. "கத்திம்மா. தோல் உரிக்கும்போது கொம்பச் சுத்தி அறுக்கணும். அந்தத் தடம்" என்றேன்.

"யாரு சார் உரிச்சது?"

இந்த முறை சொல்லிவிட்டேன். இந்த மேட்டில் உரித்தவர்கள் எங்க தாத்தாவும் அவரோடு நின்ற நாலு பேரும்தான், பக்கத்தில் உட்கார்ந்து எலும்பு பொறுக்கியது எங்க ஆயாவும் நானும், மான் மண்டையைப் புத்தகத்தில் படித்தேன் என்று அன்றைக்குச் சொன்னது பொய் என்றும் சொன்னேன். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு பையன், "எங்க தாத்தாவும் செஞ்சாராம் சார், வீட்ல யாரும் சொல்லமாட்டாங்க" என்றான். அவன் எங்க சாதி என்று எனக்கு அதுவரை தெரியாது. அவனும் ஒளித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அன்று சாயங்காலம் அந்த மாணவி வரைந்த படத்தை அப்பாவிடம் காட்டினோம். எண்பதைத் தாண்டியவர். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நோட்டைக் கையில் வாங்கவில்லை. தூரத்தில் பிடிக்கச் சொல்லிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். படத்துக்குக் கீழே அவள் 'பசு, கடை சேர்ந்தது' என்று எழுதியிருந்தாள். நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன்.

"பசுவா? யாரு சொன்னது, இவனா?" என்றார். "கொம்படியப் பாரு பாப்பா. பசுவுக்கு இவ்ளோ தடியா இருக்காது. காளன்னா கட்டையா நின்னுடும். இது நீட்டிக்கினு போவுது. காயடிச்ச மாடு. ஏர்மாடு."

நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவர் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அவள்தான், "இன்னும் சொல்லுங்க தாத்தா, எழுதிக்கிறேன்" என்று கீழே உட்கார்ந்தாள்.

"எய்திக்க" என்றார் அப்பா. "ஆனா கத்தியத் தொடாத."

அவள் 'பசு' என்பதை அடித்துவிட்டு 'எருது' என்று எழுதினாள். பக்கத்தில் சொன்னவர் பேரைக் கேட்டு, அதையும் எழுதிக்கொண்டாள்.